கோழிகளைப் பீடிக்கும் பேனும் செள்ளும்: ஒழிக்கும் முறைகளும் வராமற் காக்கும் வழிகளும்

நம் கிராமங்களில் கொல்லைப்புறத்தில் நாலு கோழிகள் மேயாத குடியானவர் வீட்டைக் காண்பது அரிது. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் கணக்கில் வருபவை. கோழியும் முட்டையுமோ வீட்டுப் பெண்மணியின் கணக்கில் வருபவை. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கும், திடீரென்று காய்ச்சல் கண்டால் மருந்து வாங்குவதற்கும், திருவிழாவிற்கு வந்த விருந்தினரை உபசரிப்பதற்கும் கைகொடுப்பது இச்சிறு செல்வமேயாகும். ஆகவே, கோழிக்கு வரும் கேடு குடும்பத்திற்கு வரும் கேடு என்று கொள்வது மிகையாகாது.

கோழிக்கு வரும் கேடுகளுள் கழிச்சலையும் அம்மையையும் யாவரும் அறிவர். அவை வந்தால் ஊர் முழுவதும் பேச்சாகிவிடும். ஆனால் பேனும் செள்ளும் ஓசையின்றி வந்து, ஓசையின்றி உண்டு, ஓசையின்றியே குஞ்சுகளைக் கொன்றுவிடுகின்றன. இவற்றைப் பற்றி விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் அடைக்கூடையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபோது, மூதாட்டி ஒருவர் தம் வீட்டிற்கு அழைத்தார். "ஐயா, பதினைந்து நாள் ஒழுங்காக அடை கிடந்த கோழி, நேற்றிலிருந்து முட்டையின் பக்கமே போகமாட்டேன் என்கிறது. கண்ணேறு பட்டிருக்குமோ?" என்று கேட்டார். அடைக்கூடையைப் பார்த்தேன். அடியில் மணல் பரப்பி, அதன்மேல் 12 முட்டைகளை அடுக்கி, இடிக்கும் மின்னலுக்கும் காவலாக ஓர் இரும்புத் துண்டும், கரித்துண்டும், மிளகாய் வற்றலும் வைத்திருந்தார். குறையொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கூடையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தட்டினேன். மூங்கிற் பிளாச்சுகளின் இடுக்குகளிலிருந்து சிவந்த புள்ளிகள் போன்ற சிற்றுயிர்கள் நூற்றுக்கணக்கில் உதிர்ந்து ஓடின. கோழியை விரட்டியது கண்ணேறன்று; இரவெல்லாம் அதன் இரத்தத்தை உறிஞ்சிய செள்ளே என்பது தெளிவாயிற்று.

முட்டைகள் குளிர்ந்து கெட்டுப் போயின. அதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. கோழிகள் உடம்பைச் சொறிவதைக் கண்டு, பருத்திக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சி மருந்தை அண்டை வீட்டார் கொடுத்திருந்தார். அம்மையார் அதை நீரிற் கலந்து இரண்டு பெட்டைகளின் உடலில் பூசினார். மறுநாட் காலையில் அவ்விரண்டும் இறந்து கிடந்தன. செள்ளு பறித்தது ஓர் ஈடு. அறியாமை பறித்தது இரு தாய்க்கோழிகள்.

இந்த நஷ்டத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி சாதாரணமாக ஆண்டிற்கு 3 அல்லது 4 ஈடு முட்டையிடும். ஒவ்வோர் ஈட்டிலும் 10 முதல் 15 முட்டைகள் கிடைக்கும். ஓர் ஈட்டின் அடை கெடுவதென்பது அக்கோழியின் ஓராண்டு வருவாயில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ அழிவதற்குச் சமம்.

பகைவரை இனம் காணுதல்

கோழியின் மேற்புறத்தைப் பற்றி வாழும் ஒட்டுண்ணிகள் அனைத்தையும் பொதுவாகப் "பேன்" என்றே மக்கள் அழைப்பதுண்டு. ஆயினும் பேன், செள், உண்ணி, தெள்ளுப்பூச்சி என அவை நான்கு வகைப்படும். அவை வாழும் இடம் வேறு. உண்ணும் முறை வேறு. ஆகவே ஒழிக்கும் முறையும் வேறு. இவ்வேற்றுமையை அறியாமல் மருந்திடுவது, திருடன் கொல்லையில் ஒளிந்திருக்க, வாசலைப் பூட்டிக் காவல் காப்பது போலாகும்.

பேன்: இது ஆறு கால்களையுடைய தட்டையான பூச்சி. வைக்கோல் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். கோழியின் உடலில் காணும் பெரிய பேன் ஏறத்தாழ 3 மில்லி மீட்டர் நீளமிருக்கும். மனிதர் தலையில் வாழும் பேன் இரத்தத்தை உறிஞ்சுவது; கோழிப் பேனோ தோலின் செதிள்களையும் இறகின் துணுக்குகளையும் கடித்துத் தின்பது. சில இனங்கள் முளைக்கும் இறகுகளைக் கடித்து, அங்குக் கசியும் இரத்தத்தையும் உண்ணும். கோழிப் பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழிக்கிறது. ஈர்களை இறகின் அடியில் கொத்துக்கொத்தாக ஒட்டி வைக்கும். அவை 4 முதல் 7 நாட்களில் பொரிக்கும். ஈரிலிருந்து வளர்ந்த பேனாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். கோழியை விட்டுப் பிரிந்த பேன் சில நாட்களுக்கு மேல் உயிர் வாழாது. இச்செய்தியை நினைவிற் கொள்க. பேனை ஒழிக்க முதலில் கவனிக்க வேண்டியது கோழியின் உடலே.

செள்: இது எட்டுக் கால்களையுடையது, பூச்சியினமன்று, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவானது. பேனைவிடச் சிறியது, கண்ணிற்குப் புள்ளி போலவே தோன்றும். இதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது சிவப்புச் செள். பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும் இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் இருக்கும். பகலில் கூண்டின் இடுக்குகளிலும், கோழி அடையும் கழியின் அடிப்புறத்திலும், பஞ்சாரத்தின் பின்னல்களிலும் மறைந்து கிடக்கும். இரவில் ஊர்ந்து வந்து கோழியைக் கடிக்கும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே ஒரு மாதத்திற்குள் சில செள்கள் பல்லாயிரமாகிவிடும். உணவின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே கூண்டைச் சில வாரங்கள் காலியாகப் போட்டு வைப்பதால் மட்டும் அது ஒழியாது.

இரண்டாவது வகை, இரவும் பகலும் கோழியின் உடலிலேயே தங்கும் செள். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகள் கறுத்து, பிசின் தடவியதுபோல் ஒட்டிக் கிடந்தால் இச்செள்ளே காரணம் என்று ஐயுறலாம். சேவல்களை இது அதிகமாகப் பீடிக்கும்.

மூன்றாவது கால் செள். இது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காலின் செதில்களுக்கு அடியில் வளைதோண்டி வாழும். செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் பருத்துவிடும். முற்றினால் கோழி நொண்டும், விரல்களும் கெட்டுப்போகும். வயது முதிர்ந்த கோழிகளிலேயே இதனை மிகுதியாகக் காணலாம்.

உண்ணி: கோழி உண்ணி தட்டையாக, பழுப்பு நிறமாக, மூட்டைப்பூச்சியைவிடப் பெரியதாக இருக்கும். வளர்ந்த உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் மரப்பட்டையிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதன் சிறு குஞ்சுகளோ இறக்கையின் அடியிலும் தொடையிலும் 5 முதல் 10 நாட்கள் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். இரத்தமின்றி ஆண்டுக்கணக்கில் உயிர் வாழும் வல்லமை உண்ணிக்கு உண்டு. இது இரத்தம் குடிப்பதோடு நில்லாமல், ஒரு கொடிய காய்ச்சலையும் ஒரு கோழியிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்கிறது. அந்நோய் கண்ட கோழி கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்து, கால் தளர்ந்து விழும். இதனைப் பலர் வெள்ளைக் கழிச்சல் என்றே எண்ணிவிடுகின்றனர். தடுப்பூசி போட்டிருந்தும் கோழிகள் பச்சைக் கழிச்சல் கண்டு மடிந்தால், கூண்டின் சுவர் வெடிப்புகளைச் சோதித்துப் பார்ப்பதோடு, கால்நடை மருத்துவரையும் உடனே கலந்துகொள்ள வேண்டும். உண்ணிக் காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் மருந்து உண்டு.

தெள்ளுப்பூச்சி: கொண்டையிலும் தாடியிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புக் கடுகு ஒட்டியதுபோல் கொத்தாகப் பதிந்திருப்பது இதுவே. தட்டினாலும் விழாது. இதன் முட்டைகள் மண்ணில் உதிர்ந்து, புழுக்கள் மணலில் வளரும். நாய், பூனை, எலி ஆகியவற்றிலும் இது ஒட்டி வாழும்.

சோதித்தறியும் முறை

இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை, ஒவ்வொரு கோழியையும் கையிலெடுத்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியும், இறக்கையின் அடியிலும், கழுத்திலும் இறகைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடும் பூச்சியும், இறகின் அடியில் வெள்ளைக் கொத்தும் தெரிந்தால் அது பேன்.

கோழியின் உடலில் பகலில் ஒன்றும் தென்படாமல், கொண்டை மட்டும் வெளுத்து, முட்டை குறைந்து, கோழிகள் மாலையில் கூண்டிற்குள் நுழைய மறுத்தால், சிவப்புச் செள்ளையோ உண்ணியையோ தேட வேண்டும். இருட்டியபின் இரண்டு மணி நேரம் கழித்து, கைவிளக்கோடு சென்று பார்ப்பது நல்லது. அன்றி, விடியற்காலையில் ஒரு வெள்ளைத் துணியால் அடைகழியின் அடிப்புறத்தை அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம். துணியில் இரத்தக் கோடுகள் படிந்தால் செள் இருப்பது உறுதி.

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். நலமுள்ள கோழி தன் அலகால் இறகைக் கோதியும் புழுதியில் புரண்டும் பேனைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒரு கோழியில் மட்டும் பேன் பெருகியிருக்குமானால், அதற்குக் குடற்புழுவோ வேறு நோயோ அலகில் குறையோ உண்டா என்றும் கவனிக்க வேண்டும். பேன் சில சமயம் நோயின் காரணம். சில சமயம் நோயின் அடையாளம்.

கோழிக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை

எளிய முறை தூள் இடுவதாகும். நன்றாகச் சலித்த விறகுச் சாம்பல் நான்கு பங்கு, கந்தகத்தூள் ஒரு பங்கு சேர்த்துக் கலந்துகொள்க. நிழலில் உலர்த்தி இடித்த வேப்பிலைத் தூளையும் சிறிது வசம்புத் தூளையும் இதனுடன் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். மாலையில் ஒருவர் கோழியின் கால்களைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் எச்சத்துவாரம், இறக்கையடி, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் இறகின் அடிவரை படுமாறு தூளைத் தேய்க்க வேண்டும். தூள் கண்ணிலும் மூக்கிலும் புகாதவாறு பார்த்துக்கொள்க. தூள் இடுபவரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்க. கந்தகம் தீப்பற்றக்கூடியது, அடுப்பங்கரையில் அதனைக் கலக்கலாகாது.

பேனும் செள்ளும் மிகுந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் கூறி, கோழிகளுக்கென்று தரப்படும் மருந்தை அவர் குறிப்பிடும் அளவில் பயன்படுத்த வேண்டும். நீரிற் கலந்து தெளிக்கும் மருந்தாயின், வெயில் உள்ள முற்பகலில் தெளித்தால் கோழி மாலைக்குள் உலர்ந்துவிடும். மழை நாளிலும் பனிக்காலத்து மாலையிலும் கோழியை நனைத்தல் கூடாது. எத்தனை நாட்கள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணாமல் விலக்க வேண்டும் என்பதையும் மறவாமல் கேட்டுக்கொள்க.

இரண்டாம் முறை ஏன்?

ஒரு முறை மருந்திட்டு, பேன் விழுந்தது கண்டு மகிழ்ந்து விட்டுவிடுவதே பலர் செய்யும் பிழை. மருந்து ஓடும் பேனைக் கொல்லும்; ஈரைப் பெரும்பாலும் கொல்லாது. ஈர் 4 முதல் 7 நாட்களில் பொரிக்கும்; பொரித்த பேன் மீண்டும் ஈர் வைக்க இரண்டு வாரங்களுக்கு மேலாகும். ஆகவே 10ஆம் நாள் இரண்டாம் முறை மருந்திட்டால், ஈர்கள் யாவும் பொரித்திருக்கும். புதிய பேன்கள் ஈர் வைக்கத் தொடங்கியிரா. கண்ணி முழுவதும் அறுந்துவிடும். செள்ளின் வளர்ச்சி இன்னும் விரைவானதாகையால் அதற்கு 5 முதல் 7 நாட்களுக்குள் மறுமுறை செய்ய வேண்டும். மிகுந்திருந்தால் மூன்றாம் முறையும் தேவைப்படும். இவ்விரு மருந்திடும் நாட்களையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது சிறிய செயலேயாயினும் பெரும் பயன் தரும்.

கால் செள்ளுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும்

கால் செள் கண்ட கோழியின் கால்களை இளஞ்சூடான சோப்பு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷினால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, வேப்பெண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெயைச் செதில்களின் அடியில் புகுமாறு தடவ வேண்டும். மூன்று நாட்களுக்கு ஒருமுறையாக மூன்று நான்கு வாரங்கள் இவ்வாறு செய்தால் குணம் தெரியும். செதிலைப் பிய்த்தெடுத்தால் இரத்தம் கசிந்து புண்ணாகும். மண்ணெண்ணெயையோ பழைய எஞ்சின் எண்ணெயையோ தடவுவதை விட்டொழிக்க வேண்டும். அவை தோலை எரித்துவிடும்.

தெள்ளுப்பூச்சி ஒட்டிய இடத்தில் வாசலைன் தடவினால் அதற்கு மூச்சு முட்டும். பின்னர்ச் சிறு இடுக்கியால் எடுக்கலாம். அதனுடன் கூண்டின் அடிமண்ணை அரையடி ஆழத்திற்கு வெட்டி அப்புறப்படுத்துவதும், வீட்டு நாயைக் கவனிப்பதும் அவசியம்.

கூண்டிற்குச் செய்ய வேண்டிய சிகிச்சை

சிவப்புச் செள்ளும் உண்ணியும் கூண்டில் குடியிருப்பவை. கோழிக்கு மட்டும் மருந்திட்டால் பயனில்லை. முதலில் எருவையும் பழைய வைக்கோலையும் அடைக்கூடையின் மணலையும் வாரி, கொல்லையில் விடாமல் தொலைவில் எரித்துவிட வேண்டும் அல்லது ஆழப் புதைக்க வேண்டும். பின்னர்க் கழிகளையும் இடுக்குகளையும் கொதிநீரால் கழுவ வேண்டும். பஞ்சாரத்தையும் அடைக்கூடையையும் கொதிநீரில் முக்கி, இரண்டு நாள் கடும் வெயிலில் காய வைக்க வேண்டும். பிறகு, ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து இடுக்குகளில் பீய்ச்ச வேண்டும். மண்சுவராயின் வெடிப்புகளைக் களிமண்ணும் சாணமும் கலந்து பூசி அடைத்து, புதிதாக நீற்றிய சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெடிப்பு அடைபட்டால் உண்ணிக்கு ஒளிந்திருக்க இடமில்லை. ஓலைக் கூரையின்கீழ்த் தீப்பந்தம் காட்டிச் செள்ளைப் பொசுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வீட்டையே பொசுக்கக்கூடும்.

இன்னுமொரு சிறந்த உபாயம் உண்டு. சிவப்புச் செள் பறக்காது, தாவாது. நடந்துதான் கோழியை அடைய வேண்டும். ஆகவே அடைகழியைச் சுவரில் செருகாமல், நான்கு கால்களுள்ள தனிச் சட்டமாக அமைத்து, ஒவ்வொரு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் நிறுத்தினால், செள்ளிற்கு வழி அடைபடும். சட்டம் சுவரைத் தொடாமலிருக்க வேண்டும் என்பதே முக்கியம். இடுக்குள்ள மூங்கிலைவிட, பட்டை நீக்கி இழைத்த வழவழப்பான கழியே சிறந்தது.

விஷ மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை

1950களிலும் 1960களிலும் டி.டி.டி., பி.எச்.சி. முதலிய தூள்களைக் கோழிகளுக்கும் கூண்டுகளுக்கும் தூவும்படி கூறப்பட்டது. அவை உடலின் கொழுப்பில் தங்கி, முட்டையின் வழியே மனிதரையும் அடையும் என்பது பின்னரே தெளிவாயிற்று. நம் நாட்டில் வேளாண்மையில் டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் விலக்கப்பட்டன. பல ஆண்டுகள் கோழிப் பேனுக்குப் பரிந்துரைக்கப்பட்ட கார்பரில் என்னும் மருந்தும் 2018இல் தடை செய்யப்பட்டது. ஆகவே பழைய பிரசுரங்களையோ, பரணில் கிடக்கும் பழைய பொட்டலங்களையோ நம்பி மருந்திடலாகாது.

2017ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நடந்தது யாவருக்கும் பாடமாகும். நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கோழிப் பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிப்பதற்காகத் தெளித்த மருந்தில், உணவிற்கான பிராணிகளிடத்துப் பயன்படுத்தக் கூடாத பிப்ரோனில் என்னும் விஷம் கலந்திருந்தது. அது முட்டைகளில் காணப்பட்டதும், பல நாடுகளின் கடைகளிலிருந்து கோடிக்கணக்கான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. பெரும் பண்ணைகளுக்கே இந்நிலை நேருமாயின், அளவறியாமல் பயிர் மருந்தைக் கோழிக்குப் பூசும் வீட்டின் நிலை என்னாகும்? அம்முட்டையை உண்பவர் நம் குழந்தைகளே அல்லவா? பயிர் மருந்து பயிருக்கே உரியது.

அடை வைக்குமுன் செய்ய வேண்டியவை

பேனும் செள்ளும் அடைக்கோழியையே பெரிதும் வருத்துகின்றன. அது 21 நாட்கள் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறது. புழுதியில் புரளுவதற்கும் இறகைக் கோதுவதற்கும் அதற்கு நேரமில்லை. மேலும், குஞ்சு பொரித்தவுடன் தாயின் உடலிலுள்ள பேன் குஞ்சின் தலைக்கு ஏறிவிடுகிறது. நான்கு நாட்களே ஆன குஞ்சு இறகு சிலிர்த்து, தலை தொங்கி இறப்பதற்குத் தலைப்பேன் ஒரு முக்கிய காரணமாகும்.

இதற்குத் தக்க காலத்தை இயற்கையே நமக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. கோழி ஓர் ஈட்டின் முட்டைகளை இட்டு முடிக்கச் சற்றேறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். முதல் முட்டையிட்ட மறுநாளே சாம்பலும் கந்தகமும் கலந்த தூளை ஒருமுறை இடுக. 10 நாட்கள் கழித்து இரண்டாம் முறை இடுக. கோழி அடைக்கு அமரும்போது அதன் உடல் தூய்மையாக இருக்கும். கூடையைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்து, வறுத்தோ வெயிலில் காயவைத்தோ எடுத்த மணலைப் பரப்பி, ஒரு கைப்பிடி சாம்பலைத் தூவி, அதன்மேல் முட்டைகளை வைக்க வேண்டும். இரும்பும் கரியும் வைப்பது வழக்கமானால் வைக்கலாம், தீங்கில்லை. ஆனால் செள்ளை ஓட்டுவது கொதிநீரும் வெயிலும்தான். அடைக்கோழிக்கு எண்ணெய் தடவுதல் மட்டும் கூடாது. எண்ணெய் முட்டையோட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும். உள்ளிருக்கும் கரு மூச்சின்றி இறந்துவிடும்.

வராமற் காத்தல்

கோழிக்குப் புழுதிக் குளியல் உணவிற்கு அடுத்த தேவையாகும். புழுதி பேனின் உடலை உலர்த்திக் கொல்லுகிறது. கூரையின்கீழ், மழைச்சாரல் படாத இடத்தில், ஒன்றரை அடிச் சதுரத்தில் அரையடி ஆழமுள்ள குழி அல்லது பெட்டி அமைத்து, மணலும் சாம்பலும் நிரப்பி, சிறிது கந்தகத்தூளும் சேர்த்து வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொல்லை மண் ஈரமாகிப் புழுதி கிடைக்காமற் போவதால்தான் அப்போது பேன் பெருகுகிறது. ஆகவே புரட்டாசியிலேயே இக்குழியைச் சித்தம் செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெப்பத்தில் சிவப்புச் செள் விரைவில் பெருகுமாதலால், பங்குனியிலேயே கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும்.

சந்தையில் வாங்கிய கோழியை நேரே வீட்டுக் கோழிகளோடு விடுவது பெருந்தவறு. அதனைத் தனிப் பஞ்சாரத்தில் இரண்டு வாரங்கள் வைத்து, உடலைச் சோதித்து, இருமுறை தூள் இட்டபின் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். இரவல் வாங்கிய அடைக்கூடைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கூண்டிற்கு மேலுள்ள குருவிக் கூட்டிலிருந்தும் செள் இறங்கி வரக்கூடும். குஞ்சுகள் பறந்து சென்றபின் வெறுங்கூட்டை அகற்றிவிடலாம்.

கூண்டின் அருகே படுத்துறங்குவோரையும் சிவப்புச் செள் கடித்து அரிப்பை உண்டாக்கும். ஆனால் மனிதர் உடலில் அது தங்கி வாழாது. கோழிப் பேனும் மனிதர் தலையில் வாழாது. ஆகவே அச்சத்தால் கோழி வளர்ப்பைக் கைவிட வேண்டுவதில்லை.

புறாவும் கூண்டுக் கிளிகளும்

இக்காலத்தில் கிராமத்து இளைஞர் பலர் புறாக்களையும், லவ் பேர்ட்ஸ் எனப்படும் சிறு கிளிகளையும் வளர்த்து வருகின்றனர். புறாவிற்குப் பேனோடு, இறகினுள் ஒளிந்து ஓடும் தட்டையான ஈயும் உண்டு. கூட்டை வாரந்தோறும் துப்புரவு செய்தால் அதன் பெருக்கம் குறையும். சிறு கிளிகளின் அலகைச் சுற்றித் தேனடைபோல் துளைகளுள்ள வெள்ளைப் பொருக்கு படிந்தால், அது கால் செள்ளின் உறவான முகச் செள்ளாகும். இச்சிறு பறவைகளுக்கு ஒரு துளி மருந்து கூடினாலும் உயிருக்கு ஆபத்து. கோழிக்கான அளவை இவற்றிற்குக் கொடுக்காமல், மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ஒரு வீட்டார் மட்டும் தம் கோழிகளைத் தூய்மை செய்து, அடுத்த வீட்டார் செய்யாமலிருந்தால் பயன் நீடிக்காது. கோழிக்கு வேலி இல்லை, பேனுக்கும் இல்லை. ஆகவே இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுகின்றன. அன்று எல்லா வீட்டாரும் கோழிகளைப் பிடித்து வைத்திருப்பர். அதே நாளில் ஒவ்வொரு கோழியையும் பேனுக்காகச் சோதித்துத் தூள் இடவும், 10ஆம் நாள் வீடுதோறும் இரண்டாம் முறை இடப்பட்டதா என்று பார்க்கவும் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். கந்தகத்தூளை ஊருக்கு மொத்தமாக வாங்கி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாயிலாக அடக்க விலைக்குக் கொடுக்கலாம். மே முதல் நாள் கூடும் கிராம சபையில் கால்நடை மருத்துவரை அழைத்து விளக்கச் செய்யலாம். மருந்துக் குப்பிகளைக் குளத்திலும் கிணற்றடியிலும் கழுவுவதைத் தடுக்க வேண்டும். கோழிக்குச் சிறிதளவில் தீங்கு செய்யாத மருந்துகளுள் சில, மீன்களுக்குக் கொடிய நஞ்சாகும்.

நினைவிற் கொள்க

1. பேன் கோழியின் உடலில் வாழும். சிவப்புச் செள்ளும் உண்ணியும் கூண்டில் வாழும். இரண்டையும் கவனிக்க வேண்டும்.

2. பேனுக்கு 10ஆம் நாளும், செள்ளுக்கு 5 முதல் 7 நாட்களுக்குள்ளும் மறுமுறை மருந்திட வேண்டும்.

3. அடைக்கு அமருமுன் கோழியும் கூடையும் தூய்மையாக வேண்டும். அடைக்கோழிக்கு எண்ணெய் ஆகாது.

4. பயிர் மருந்தைக் கோழிக்கு இடலாகாது.

5. புதுக் கோழி இரண்டு வாரம் தனித்திருக்க வேண்டும்.

மேலே கூறிய மூதாட்டியை அடுத்த ஆண்டு மீண்டும் காணும் வாய்ப்புக் கிட்டியது. எஞ்சியிருந்த அதே பெட்டை, அதே கூடையில், 12 முட்டைகளுக்கு 10 குஞ்சுகள் பொரித்திருந்தது. கூடையைக் கொதிநீரில் முக்கியதையும், பத்து நாள் இடைவிட்டு இருமுறை தூள் இட்டதையும் அவர் வரிசை பிறழாமல் கூறினார். "இரும்புத் துண்டையும் வைத்தீர்களா, அம்மா?" என்று கேட்டேன். "அதையும் வைத்தேன், ஐயா, அது பாட்டுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சிரித்தார்.

செலவு சில ரூபாய். உழைப்பு இரண்டு மாலைப் பொழுதுகள். இவ்வளவினால் ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் காக்க முடியுமெனில், அதனைச் செய்யாமலிருப்பதற்குக் காரணமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இவ்வாரமே ஒரு கோழியையேனும் கையிலெடுத்து இறகைப் பிரித்துப் பாருங்கள். பேன் ஒழிப்பின் முதற்படி அதுவேயாகும்.